பதினேழாம் எண் கரும்பை வெள்ளிக்கிழமை வெட்டவிருப்பது குறித்து

அனுப்புநர்
வயல் அளவர்,
இனிப்பு அளவீட்டுப் பிரிவு (பின்கட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் அறை),
கரும்பு ஆராய்ச்சி நிலையம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கரும்பு ஆராய்ச்சி நிலையம் (முன்கட்டு, முதல் மாடி).

பொருள்: கரும்பு – மரபணுச் சோதனைத் திடல் – இரண்டாம், நான்காம் வரிசைகளின் இனிப்பு அளவுகளைத் தலைகீழாகப் பதிவு செய்த வயல் அளவர் மீது புகார் அளித்தல் – வெள்ளிக்கிழமை வெட்டை நிறுத்தி மறுபடி அளக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலக வெட்டு உத்தரவு. 2. மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்பு, மூன்றாம் பக்கம். 3. அளவுப் படிவம், இருபதாம் வரி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு கொஞ்சம் நீளம். தேநீர் வரும் நேரமாகப் பார்த்துப் படிக்க வேண்டுகிறேன்.

1. பொருளில் குறிப்பிட்டுள்ள வயல் அளவரும் அனுப்புநரும் ஒரே ஆள்தான். எழுத்துப் பிழை என்று நினைத்து முன்னறை எழுத்தர் இதைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்பதற்காக முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன். என் மீது நானே புகார் கொடுக்கிறேன். இதற்கென்று நிலையத்தில் தனிப் படிவம் உண்டா என்று எழுத்தரை அவர் வீட்டுத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவர் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்து, வெள்ளைத் தாளில் எழுதச் சொன்னார்.

2. விஷயம் இதுதான். வரும் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சோதனைத் திடலில் சிவப்பு ரிப்பன் கட்டிய பத்துக் கரும்புத் தூர்களை விட்டுவிட்டு, மீதி ஐம்பதையும் வேரோடு பெயர்த்து உழுதுவிட வேண்டும் என்பது உத்தரவு. அந்த ஐம்பதுக்குள்தான் திடலிலேயே அதிக இனிப்புள்ள பதினேழாம் எண் தூர் நிற்கிறது. ரிப்பன் கட்டிய பத்துக்குள் இருபதாம் எண் என்ற சப்பைக் கரும்பு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. அன்றைக்கே மரபணு ஆய்வாளரின் ஆராய்ச்சியும் மூடப்படும். அவர் நான்கு வருடமாகச் சேர்த்து வைத்த தோகை மாதிரிகளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொட்டிவிட்டு, அவரைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றப் போகிறார்கள். இவ்வளவுக்கும் காரணம் நான் நடந்த நடை.

3. முதலில் உறவு முறையைச் சொல்லிவிடுகிறேன். மரபணு ஆய்வாளர் என் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். பற்பசையை மூடாமல் வைத்தது யார் என்பது தவிர எங்களுக்குள் இதுவரை எந்தத் தகராறும் வந்ததில்லை. இந்த உறவை நான் மறைக்கவில்லை. சர்க்கரை ஆலை ஆய்வகத்திலிருந்து என்னை வயலுக்கு மாற்றிய அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, மாமனும் மச்சினியும் சேர்ந்து கரும்புக்கு மதிப்பெண் போடப் போகிறார்களா என்று தாங்கள் சிரித்ததாகத் தங்கள் ஓட்டுநர் சொன்னார். நியாயமான சிரிப்புதான். அந்தச் சிரிப்பிலிருந்துதான் இந்தக் கதையே தொடங்குகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

4. மைத்துனியின் ஆராய்ச்சி தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் இம்மனு கோப்பில் ஏறிவிட்டால் நிர்வாகப் பிரிவினரும் படிப்பார்கள். அவர்களுக்காக எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன். கரும்பு இனிப்பா சக்கையா என்று தெரிய ஒரு வருடம் ஆகும். இரண்டு இனங்களைக் கலந்து ஆயிரம் நாற்று எடுத்தால், ஆயிரத்தையும் ஒரு வருடம் உட்காரவைத்துச் சோறு போட்ட பிறகுதான் எது தேறும் என்று தெரியும். அதற்குப் பதிலாக, நாற்று மூன்று மாதத்தில் இருக்கும்போதே தோகையில் ஒரு சில்லைக் கிள்ளி எடுத்து, அதன் மரபணுக்களைப் பார்த்து, இது இனிக்கும், இது இனிக்காது என்று சொல்லிவிட முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

தோகை சர்க்கரையைத் தயாரிக்கிறது. தண்டு அதைச் சேர்த்து வைக்கிறது. சேர்த்ததை எடுத்துச் செலவழித்து உயரமாக வளரும் ஊதாரியும் அதே செடிக்குள்ளேயே குடியிருக்கிறது. மூன்றையும் ஆட்டிவைப்பவை மரபணுக்கள். நமக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிதான். கரும்புக்கோ எட்டு, பத்து, சிலவற்றில் அதற்கும் மேல். ஒரே அடுப்படியில் பத்துப் பேர் நின்றால் தேநீரில் சர்க்கரை போட்டது யார், போடாமல் போட்டேன் என்று சொல்பவர் யார் என்று கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டமோ, அவ்வளவு கஷ்டம் இது. நான்கு வருடம் அந்த அடுப்படி வாசலில் நின்று பதினோரு அடையாளங்களைப் பிடித்திருக்கிறார். இந்தப் பதினொன்றில் எத்தனை ஒரு நாற்றில் இருக்கின்றன என்று பார்த்து அது எவ்வளவு இனிக்கும் என்று சொல்கிறார்.

5. சென்ற வருடம் அறுபது நாற்றுகளின் தோகையைப் பார்த்து, விளைந்த பிறகு எந்தப் பத்து முதல் பத்தாக வரும் என்று ஒரு பட்டியல் எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தங்களிடம் கொடுத்தார். அந்தப் பட்டியலின் முதல் பெயர் பதினேழாம் எண். பத்தில் குறைந்தது ஏழு சரியாக இருந்தால் ஆராய்ச்சி தொடரும், இல்லாவிட்டால் மூடப்படும் என்பது ஏற்பாடு. அறுபது நாற்றுகளும் வரிசைக்குப் பன்னிரண்டாக ஐந்து வரிசைகளில் நடப்பட்டன. வருடம் முடிந்து கரும்பு விளைந்ததும் அளக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் உறவுக்காரன் என்பதால், அளப்பதற்கு முதல் நாள் எல்லாத் தூர்களின் எண் பலகைகளையும் கழற்றிவிடத் தாங்கள் உத்தரவிட்டீர்கள். எது எந்த எண் என்று அளப்பவனுக்குத் தெரியக் கூடாது. வரிசையாக நடந்து, ஒவ்வொரு தூரிலும் ஒரு தண்டில் ஊசியால் குத்திச் சாறு எடுத்து, சாற்றின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் மீட்டரில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பார்த்து, ஒன்று முதல் அறுபது வரை படிவத்தை நிரப்ப வேண்டும். எனக்கு அதில் கோபமில்லை. சொல்லப்போனால் பெருமையாகவே இருந்தது. என் நேர்மைக்காக அறுபது பலகைகளைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று வீட்டில் இரண்டு முறை சொன்னேன்.

6. இனித் தவறு. திடலில் செடி எண்கள் மாடு உழுவதுபோல் போகும். முதல் வரிசை இடமிருந்து வலம். வரிசை முடிந்ததும் அங்கேயே திரும்பி, இரண்டாம் வரிசை வலமிருந்து இடம். மறுபடி திரும்பி மூன்றாவது. நடுகிறவர், களை எடுக்கிறவர், மருந்து அடிக்கிறவர் என்று எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். அது அவர்கள் காலுக்கே தெரியும். காலுக்குத் தெரிந்த விஷயத்தை வாயால் சொல்ல யாருக்கும் தோன்றாது. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

நான் பத்தொன்பது வருடம் ஆலை ஆய்வகத்தில் இருந்தவன். அங்கே சாற்றுக் குழாய்கள் மரச்சட்டத்தில் அடுக்கடுக்காக நிற்கும். எந்த அடுக்கானாலும் இடமிருந்து வலம்தான். என் கை, கண், கழுத்து எல்லாம் அப்படியே பழகிவிட்டன. போதாததற்குத் திடலின் இடப்பக்கத்தில் குழாயடி இருக்கிறது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஊசியையும் மீட்டரின் கண்ணாடியையும் கழுவ அங்கே வந்தேன். வந்த இடத்திலிருந்தே அடுத்த வரிசையைத் தொடங்கினேன். ஐந்து வரிசையும் அப்படியே. வரைபடத்தில் வரிசை முனைகளில் அம்புக்குறி போட்டிருந்ததா என்று தாங்கள் கேட்கலாம். போட்டிருந்தது. நான் பார்த்தேனா என்றால், பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் போகும் திசை என்று நினைத்தேன். தண்ணீர் நம் பிரிவு இல்லையே என்று மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

இதனால் இரண்டாம் வரிசையில் நான் பதிமூன்று என்று எழுதியது உண்மையில் இருபத்து நான்கு. இருபது என்று எழுதியது பதினேழு. பதினேழு என்று எழுதியது இருபது. நான்காம் வரிசையிலும் இதே கூத்து. ஒன்று, மூன்று, ஐந்தாம் வரிசைகள் எப்படியும் இடமிருந்து வலம் என்பதால் என்னிடமிருந்து தப்பித்தன.

7. உறையைப் பிரித்தபோது பத்தில் நான்குதான் பொருந்தியது. பொருந்தாத ஆறும் இரண்டாம், நான்காம் வரிசைக்காரர்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. படிவத்தில் வரிசை என்று ஒரு கட்டமே கிடையாது. பட்டியலில் முதலிடம் வாங்கிய பதினேழாம் எண்ணுக்கு நான் எழுதியிருந்தது பதினான்கு பிரிக்ஸ். கரும்பு என்று வெளியே சொல்லிக்கொள்ளவே கூச்சப்பட வேண்டிய அளவு அது. இருபதாம் எண்ணுக்கு எழுதியிருந்தது இருபத்து நான்கு.

குழுவை நான் குறை சொல்ல மாட்டேன். எதற்கும் இன்னொரு முறை அளந்து பார்க்கலாமா என்று தாங்களே மைத்துனியிடம் கேட்டீர்கள். அவர் சொன்ன பதில் கூட்டக் குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது: "தேவையில்லை. அளந்தவர் தவறு செய்ய மாட்டார்."

ஐயா, இந்த ஒரு வரி என்னைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. தன்னுடைய நான்கு வருடத்தைச் சந்தேகப்பட்டார். என்னுடைய ஒரு காலை நேரத்தைச் சந்தேகப்படவில்லை. அவர் ஒரு வார்த்தை ‘சரி, அளக்கலாம்’ என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். என் மேல் இருந்த நம்பிக்கையால் சொல்லாமல் விட்டார். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

8. அதற்குப் பிறகு இரண்டு வாரம் எங்கள் வீடு வீடாக இல்லை. மைத்துனி மாலையானால் பழைய குறிப்பேடுகளைக் கூடம் முழுவதும் பரப்பிவைத்து, பதினோரு அடையாளங்களில் எது தன்னை ஏமாற்றியது என்று தேடினார். அவற்றை மிதிக்காமல் கூடத்தைக் கடக்க நாங்கள் ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். என் மனைவி கரும்பைத் திட்டினார். குழுவைத் திட்டினார். மரபணுவைக் கண்ணுக்கே தெரியாத சனியன் என்றார். என்னை மட்டும் திட்டவில்லை. எங்கள் வீட்டில் இது அபூர்வம். "நீங்க ஒருத்தராவது ஒழுங்கா வேலையைச் செஞ்சீங்களே" என்று சொல்லித் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

9. உண்மை தெரிந்தது நேற்று, சனிக்கிழமை, என் மகளின் தேர்வு அறையில். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் பலகை இருந்தது. பலகைகள் விஷயத்தில் என் ராசி தங்களுக்குத் தெரியும். உள்ளே போனேன். வரிசைக்கு ஆறு மேசை. மகளின் எண் ஏழு. முதல் வரிசையில் ஆறு முடிந்துவிட்டது, ஆகவே இரண்டாம் வரிசையின் முதல் மேசை என்று முடிவு செய்து, அவளை உட்காரவைத்து, பேனா எழுதுகிறதா என்று பார்த்து, தண்ணீர் புட்டியையும் எடுத்து வைத்தேன். தேர்வு மேற்பார்வையாளர் வந்து, "சார், நம்பர் வளைஞ்சு திரும்பி வருது. ஏழு அந்தக் கடைசி மேசை" என்றார்.

மகளுக்கு அவமானம். நீங்கள் போங்கள் அப்பா, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். என்னால் போக முடியவில்லை. வரைபடத்தில் இருந்த அம்புக்குறிகள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன. அந்த மேசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தேர்வு எழுதப் போவது நான்தான் என்று நினைத்தாரோ என்னவோ, மேற்பார்வையாளர் என் முதுகைத் தட்டி, பதற்றப்படாமல் எழுதினால் எல்லாம் நன்றாக வரும் என்றார்.

10. வீட்டுக்கு வந்து மைத்துனியிடம் ஒன்றும் சொல்லாமல் அவருடைய பட்டியலைக் கேட்டேன். என் படிவத்தின் நகலை எடுத்தேன். சாப்பாட்டு மேசையில் இரண்டையும் வைத்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் தன்னைத் தேற்றுவதற்காகக் கதை விடுகிறேன் என்றே நினைத்தார். இதற்குள் மகள் தேர்வு முடிந்து வந்துவிட்டாள் (நன்றாக எழுதினாளாம், கடைசி மேசையில் காற்று நன்றாக வந்ததாம்). அவள் எண்களை வாசிக்க, நான் இரண்டாம் வரிசையையும் நான்காம் வரிசையையும் திருப்பி எழுதினேன். பட்டியலில் இருந்த பத்தில் ஒன்பது பொருந்தியது. முப்பத்தொன்பதாம் எண் மட்டும் அப்போதும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மைத்துனி குதிக்கவில்லை. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாய்க்கால் தண்ணீர் என்று நினைத்தீர்களா மாமா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்து சொன்னார்:

"எழுதிக் குடுக்காதீங்க மாமா. மச்சினிக்காக அளவை மாத்தறார்னுதான் சொல்வாங்க. உங்க வேலையும் போகும், என் பேரும் போகும். கரும்பு போனா போகட்டும்."

கரும்பு போனால் போகட்டும் என்று சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும் என்று நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். உத்தரவில் வேரோடு என்றும், விதைக் கரணைகூட எடுக்கக் கூடாது என்றும் இருப்பதை நினைவுபடுத்தினார். பதினேழாம் எண்ணைப் போல இன்னொன்றைக் கலந்து எடுக்க முடியாதா என்று கேட்டேன். ஒரே பூங்கொத்தில் பிறந்த விதைகளும் ஒன்றுபோல் இருக்காது என்றார். அதற்கு அவரும் அவருடைய அக்காவுமே சாட்சி என்பதால் நான் மேற்கொண்டு வாதாடவில்லை.

11. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் என்னை நம்ப மாட்டேன். ஆகவே ஐயா, என்னை நம்ப வேண்டாம். எறும்பை நம்பினால் போதும்.

பார்வை மூன்றில் கண்ட படிவத்தின் இருபதாம் வரியைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். இருபத்து நான்கு பிரிக்ஸ் என்ற எண்ணுக்குப் பக்கத்தில், குறிப்பு என்ற கட்டத்தில், என் கையெழுத்தில் இப்படி இருக்கும்: ‘காலடியில் எறும்புப் புற்று. அளவர் கடிபட்டார்.’ இது அளந்த அன்றே தங்கள் அலுவலக முத்திரை வாங்கிய தாள். உறை பிரிவதற்கு மூன்று நாள் முந்தையது. அன்று இரண்டாம் வரிசையின் எட்டாவது தூரில் மீட்டர் இருபத்து நான்கு காட்டியது. நம்ப முடியாமல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மூன்றாவது தடவை பார்த்துக்கொண்டிருந்தபோது எறும்புகள் என் கால்சட்டையின் இரண்டு காலுக்குள்ளும் ஏறிவிட்டன. நான் ஆடிய ஆட்டத்தைக் களை எடுத்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள் பார்த்தார்கள். சாட்சிக்கு அழைத்தால் இன்னொரு முறை சிரித்துவிட்டுச் சாட்சி சொல்வார்கள்.

இன்று காலை நிலையத்தின் காவலாளியை உடன் அழைத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். அளந்து முடித்த பிறகு தோட்ட மேற்பார்வையாளர் பலகைகளை மறுபடி அதனதன் இடத்தில் நட்டிருக்கிறார். அவருடைய காலுக்கு வழி தெரியும், ஆகவே அவை சரியாகவே இருக்கின்றன. எறும்புப் புற்று பதினேழாம் எண் பலகைக்கு அடியில் இருக்கிறது. ரிப்பன் கட்டிய இருபதாம் எண்ணின் காலடி பெருக்கிவிட்டாற்போல் சுத்தம். இடைப்பட்ட காலத்தில் எறும்புகளுக்கு இடமாற்ற உத்தரவு எதுவும் நிலையத்திலிருந்து போகவில்லை என்று நம்புகிறேன். காவலாளி தம் குறிப்பேட்டில் இதை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். புற்று கலையாமல் இருக்கச் சுற்றிலும் நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறோம்.

12. இந்தப் பத்தியை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் புகார் என்று வந்துவிட்டால் முழுதாக இருக்க வேண்டும். சோதனைக் கரும்பைக் கடிப்பவர் மீது கடும் நடவடிக்கை என்று திடல் வாசலில் எழுதி வைத்திருக்கிறீர்கள். பத்தொன்பது வருட ஆலை வாழ்க்கையில் கரும்புக்கு நடுவில் நின்றும் ஒரு துண்டை நான் வாயில் வைத்ததில்லை. இன்று வைத்தேன். மீட்டர் அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி தங்கள் அறையில். என்னிடம் இருந்தது பல்தான்.

பதினேழாம் தூரில் பதினொரு தண்டுகள் இருக்கின்றன. ஓரத்துத் தண்டு ஒன்றை வெட்டினேன். முதல் கடியிலேயே சாறு முழங்கை வரை வழிந்தது. உதடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கடியில், வந்த காரியம் என்ன என்பதே ஒரு நிமிடம் மறந்துபோனது. காவலாளி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். பிறகு இருபதாம் தூரிலும் ஒன்றை வெட்டி இருவரும் கடித்தோம். ஈரத் துணியைப் பிழிந்து குடித்தாற்போல இருந்தது. காவலாளி சக்கையைத் துப்பிவிட்டு ரிப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கா ரிப்பன் கட்டியிருக்காங்க?" என்று கேட்டார். அவர் என் பேச்சைக் கேட்டுக் கடித்தவர். அவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம்.

13. வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னேன். மைத்துனி மறுபடி வேண்டாம் என்றே தலையாட்டினார். என் மனைவி எனக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்து உள்ளே வைத்தார். வெள்ளைத் தாள் நான்கைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தார். "எழுதுங்க. எழுதி முடிச்சிட்டு வந்து சாப்பிடுங்க" என்றார். ஆகவே இம்மனு வெறும் வயிற்றில் எழுதப்படுகிறது. எழுத்து அங்கங்கே கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

14. என் வேண்டுகோள்கள் சில. வெள்ளிக்கிழமை வெட்டை நிறுத்தி வைத்து, அறுபது தூர்களையும் எண் பலகை இருக்கும்போதே இன்னொரு முறை அளக்க உத்தரவிட வேண்டும். நான் அளக்கக் கூடாது. எனக்கோ என் மைத்துனிக்கோ உறவும் நட்பும் இல்லாத இருவர் போதும். ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத, ஒரு வாளித் தண்ணீர், ஒரு முற்பகல். அந்த அளவில் நான் சொன்னது பொய்யென்று வந்தால் அன்று மாலையே எல்லாவற்றையும் உழுதுவிடலாம். கடைசி வரிசையை நானே வெட்டித் தருகிறேன்.

கூட்டக் குறிப்பின் மூன்றாம் பக்கத்தில் இருக்கும் அந்த வரியை அடித்துவிட வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். ‘அளந்தவர் தவறு செய்ய மாட்டார்’ என்பதற்குப் பக்கத்தில் ‘செய்தார்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன். அவர் என்னை நம்பியது தவறு என்று எந்தக் காகிதத்திலும் இருக்கக் கூடாது. தவறு என் காலில் இருந்தது.

படிவத்தில் ‘வரிசை’ என்று ஒரு கட்டமும், அளவீட்டு அறைச் சுவரில் ‘வரிசை முடிந்தால் அங்கேயே திரும்பவும்’ என்று ஓர் அட்டையும் வைத்தால், ஆலையிலிருந்து அடுத்து வருகிறவர் பிழைத்துக்கொள்வார். எனக்கு என்ன தண்டனை என்பதைத் தங்கள் முடிவுக்கு விட்டுவிடுகிறேன். கண்டனக் குறிப்பு, விடுப்புக் குறைப்பு, எதுவானாலும் ஏற்கிறேன். ஆலைக்கு மட்டும் திருப்பி அனுப்ப வேண்டாம். அங்கே எல்லாம் இடமிருந்து வலமாக இருக்கும். இப்போதுதான் திரும்பி நடக்கக் கற்றிருக்கிறேன்.

பதினேழாம் எண் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேலும் நிற்க வேண்டும் ஐயா. என் மைத்துனி அதை மூன்று மாத நாற்றாக, விரல் உயரத்தில் இருந்தபோதே இன்னதென்று கண்டுபிடித்துவிட்டார். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற பிறகும் எனக்குத் தெரியவில்லை.

தங்கள் ஒரு கையெழுத்தை எதிர்பார்த்து, பசியோடு,

வயல் அளவர்
(கையொப்பம்)

இடம்: வீடு, சாப்பாட்டு மேசை.
நாள்: ஞாயிறு பிற்பகல். திங்கள் காலை அலுவலகம் திறந்ததும் நேரில் சேர்ப்பிக்கப்படும்.

இணைப்புகள்:

1. அளவுப் படிவத்தின் நகல். இருபதாம் வரி அடிக்கோடிடப்பட்டுள்ளது.

2. திடல் வரைபடம். அம்புக்குறிகள் அனைத்தும் இப்போது சிவப்பு மையில் வட்டமிடப்பட்டுள்ளன.

3. காவலாளியின் குறிப்பு, ஒரு பக்கம். ஓரத்தில் ஒட்டுவது சாறு.

4. ஈரத் துணியில் சுற்றிய கரும்புத் துண்டுகள் இரண்டு. ஒன்று பதினேழாம் எண், மற்றொன்று இருபதாம் எண். பொட்டலத்தைப் பிரித்ததும் இடப்பக்கம் இருப்பது பதினேழு என்றுதான் நினைவு. ஆனால் நான் வைத்த வரிசையைத் தாங்கள் நம்ப வேண்டாம். இரண்டையும் கடித்துப் பாருங்கள்.